ஞாபகத்துக்கு வட்டி

இரவு பதினொரு மணி. கட்டுரை முக்கால்வாசி அடித்தாகிவிட்டது. 'சேவ்' பண்ணவில்லை. பட்டென்று கரண்ட் போகிறது. திரும்ப வந்து பார்த்தால் திரை துடைத்த சிலேட்டு மாதிரி இருக்கிறது. யூ.பி.எஸ். இல்லாமல் கம்ப்யூட்டர் வைத்திருந்த எல்லோருக்கும் இது ஒரு முறையாவது நடந்திருக்கும். எனக்குப் பல முறை.

அப்போதெல்லாம் கரண்ட்டைத்தான் திட்டித் தீர்ப்பேன். உண்மையில் திட்டியிருக்க வேண்டிய ஆசாமி பெட்டிக்கு உள்ளேயே இருந்தார். ராம் என்கிறோமே, அந்த மெயின் மெமரி. நீங்கள் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் முதலில் அங்கேதான் போய் உட்காருகிறது. கரண்ட் போனால் அதற்கு எல்லாம் மறந்துவிடும் என்பது தெரிந்த கதை. கரண்ட் இருக்கும்போதும் அது மறந்துகொண்டேதான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அதனால் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது தெரியுமா? மெமரியில் இருப்பது அத்தனையையும் விநாடிக்குக் குறைந்தது பதினைந்து முறை படித்து, படித்ததையே திரும்ப எழுதி வைக்கிறது. நீங்கள் டீ குடிக்க எழுந்து போனாலும் எழுதும். போன் சட்டைப் பையில் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுதும். அத்தனையும் கரண்ட் செலவு.

ஞாபகத்துக்கு இப்படி வட்டி கட்டுகிற வழக்கம் எப்படி வந்தது? இத்தனைக்கும், வட்டியே கேட்காத மெமரி ஒன்று அதற்கு முன்னால் இருந்தது!

1950களின் தொடக்கம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் 'வேர்ல்விண்ட்' என்று ஒரு ராட்சசக் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் மெமரி, டி.வி. பிக்சர் டியூப்புக்குச் சித்தப்பா பிள்ளை போன்ற கண்ணாடிக் குழாய்கள். இன்றைக்கு ஒன்று புட்டுக்கொள்ளும், நாளைக்கு இன்னொன்று. வெறுத்துப்போன ஜே ஃபாரஸ்டர் என்கிற பொறியாளர் வேறு வழி தேடினார். காந்தத் தன்மை ஏறக்கூடிய குட்டிக் குட்டி வளையங்களைக் கம்பிகளில் கோத்து, ஜல்லடை மாதிரி ஒரு சட்டம். வளையத்தில் காந்தம் ஒரு பக்கமாகச் சுற்றினால் ஒன்று, மறுபக்கமாகச் சுற்றினால் பூஜ்யம். 1953-ல் வேர்ல்விண்டில் இதைப் பொருத்தினார்கள். 'கோர் மெமரி' என்று பெயர்.

இதில் ஒரு மகத்துவம் உண்டு. எழுதியதை வைத்திருக்கக் கரண்ட்டே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஊருக்குப் போய்விட்டு வரலாம். வளையம் அப்படியே நினைவு வைத்திருக்கும். படிக்கும்போதும் எழுதும்போதும் மட்டும்தான் செலவு. என்ன, படித்தால் அழிந்துவிடும், உடனே திரும்ப எழுத வேண்டும். இந்த ஒரு குணத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின் வந்த மெமரிக்கும் இது ஒட்டிக்கொண்டது.

கோர் மெமரியின் பிரச்னை வேறு இடத்தில் இருந்தது. வளையங்கள் வரவரச் சிறுத்து, கடுகைவிடப் பொடியாகிவிட்டன. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பெண் தொழிலாளர்கள் கையால் கம்பி கோத்தார்கள். பூக்கட்டுகிற மாதிரி வேலை, ஆனால் ஒரு கண்ணி தவறினாலும் மொத்தச் சட்டமும் வீண். கைவேலையில் எவ்வளவுதான் விலையைக் குறைக்க முடியும்?

இப்போது 1966. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடம், நியூயார்க் மாநிலத்தில். ராபர்ட் டெனார்ட் என்று ஒரு பொறியாளர். டெக்ஸாஸில் பிறந்தவர், வயது முப்பத்து நாலு. காந்தத்தை விட்டுவிட்டு டிரான்சிஸ்டர்களால் மெமரி செய்வதுதான் அவருடைய குழுவின் வேலை. செய்தும் விட்டார்கள். ஆனால் ஒரே ஒரு பிட்டை, அதாவது ஒரு ஒன்றையோ பூஜ்யத்தையோ, வைத்துக்கொள்ள ஆறு டிரான்சிஸ்டர்கள் தேவைப்பட்டன. ஆறு பேர் சேர்ந்து ஒரு சொம்பைத் தூக்குகிற கதை.

ஒருநாள் ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாக் குழுக்களும் தங்கள் வேலையைப் பற்றிப் பேசினார்கள். காந்த மெமரிக்காரர்கள் தங்களுடையது எவ்வளவு எளிமையான சமாசாரம் என்று விளக்கினார்கள். டெனார்ட்டுக்கு உறுத்தல். நம்முடையது மட்டும் ஏன் இவ்வளவு சிக்கல்? வீட்டுக்குப் போய் சோபாவில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது பொறி தட்டியது. ஒரு பிட்டை ஏன் மின்னூட்டமாகவே ஒரு கெப்பாசிட்டரில் ஊற்றி வைக்கக் கூடாது? ஊற்றவும் எடுக்கவும் ஒரே ஒரு டிரான்சிஸ்டர் போதுமே, குழாய்த் திருகு மாதிரி. அன்று ராத்திரியே மேலதிகாரிக்குப் போன் போட்டுச் சொன்னார் டெனார்ட். 1968 ஜூனில் காப்புரிமை கிடைத்தது. ஆறு பேர் வேலையை ஒருவர் செய்கிற ஏற்பாடு. டிராம் என்று இன்று சொல்கிறோமே, அது பிறந்தது இப்படித்தான்.

இதில் ஓர் ஓட்டை இருந்தது. நிஜமாகவே ஓட்டை. கெப்பாசிட்டரில் ஊற்றிய மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். இன்றைய சிப்பில் ஒரு பிட் என்பது சில பத்தாயிரம் எலெக்ட்ரான்கள்தான். கொஞ்ச நேரம் சும்மா விட்டால், இருந்தது ஒன்றா பூஜ்யமா என்றே தெரியாமல் போய்விடும். அதற்குள் படித்து, மறுபடி ரொப்பி வைக்க வேண்டும். 'ரெஃப்ரெஷ்' என்கிறார்கள். ஓட்டைப் பானை விலை குறைச்சல் என்று வாங்கிவிட்டு, பக்கத்திலேயே ஓர் ஆளைத் தண்ணீர் ரொப்ப நிறுத்தி வைப்பது.

வணிகவியல் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மூலதனச் செலவு என்றும் வருவாயினச் செலவு என்றும் முதல் வருடமே பிரித்துச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். கோர் மெமரி வாங்கும்போது கையைக் கடிக்கும், அப்புறம் சும்மா இருக்கும்வரை தம்படி கேட்காது. டிராம் வாங்கும்போது மலிவு, அப்புறம் சாகிறவரை தண்டல். அன்றைக்கு மார்க்கெட் எதைத் தேர்ந்தெடுத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்டெல் அப்போது புதுக் கம்பெனி. 1968-ல்தான் ஆரம்பித்தார்கள். மைக்ரோபிராசஸர் எல்லாம் பிற்பாடு. முதலில் அவர்கள் குறிவைத்தது மெமரி வியாபாரத்தை. 1970 அக்டோபரில் '1103' என்ற சிப் வந்தது. 1,024 பிட். பிட்டுக்கு ஒரு சென்ட் என்பதுதான் இலக்கு. (ஒரு பிட்டுக்கு மூன்று டிரான்சிஸ்டர் வைத்திருந்தார்கள். டெனார்ட்டின் ஒற்றை டிரான்சிஸ்டர் அடுத்த தலைமுறையில்தான் சந்தைக்கு வந்தது.) விலைப் போரில் கோர் மெமரி தோற்றுவிட்டது என்று தைரியமாக விளம்பரமே கொடுத்தார்கள். இரண்டே வருடத்தில் உலகத்திலேயே அதிகம் விற்ற மெமரி சிப் அதுதான்.

ஆனால் இந்த 1103-ஐ இரண்டு மில்லி செகண்டுக்கு ஒரு தரம் ரொப்ப வேண்டும். விநாடிக்கு 500 தடவை! மீட்டர் வட்டி தோற்றது.

இதற்குப் பிறகான முப்பது வருடக் கதை, இந்த வட்டியைக் குறைத்த கதை. இரண்டு வழியில் குறைத்தார்கள். ஒன்று, கசிவைக் குறைத்து ரெஃப்ரெஷ் இடைவெளியை நீட்டுவது. தலைமுறைக்குத் தலைமுறை இரண்டு மில்லி செகண்ட் நான்காகி, எட்டாகி, பதினாறாகி, 1990களில் 64 வரை வந்து நின்றது.

இன்னொன்று வோல்டேஜ். இங்கேதான் பெரிய லாபம். மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். வோல்டேஜைப் பாதியாக்கினால் செலவு கால்வாசி. 1970களின் மத்தியில் வந்த 16 கே சிப்புக்குப் பன்னிரண்டு வோல்ட், ஐந்து வோல்ட், மைனஸ் ஐந்து வோல்ட் என்று மூன்று விதமாகக் கரண்ட் கொடுக்க வேண்டும். அதிலும் மைனஸ் ஐந்து முதலில் வராவிட்டால் சிப் கருகிவிடும். மாப்பிள்ளை வீட்டார் மாதிரி இத்தனை உபசாரம். அடுத்து ஐந்து வோல்ட் ஒன்றே போதும் என்று ஆனது. அந்த ஐந்திலேயே ஒரு பத்து வருடம் உட்கார்ந்துவிட்டார்கள், சுற்றியிருந்த மற்ற சிப்கள் எல்லாம் ஐந்து வோல்ட்காரர்கள் என்பதால். அப்புறம் 3.3. பிறகு டி.டி.ஆர். வந்தபோது 2.5, டி.டி.ஆர்.2-ல் 1.8, 2007-ல் டி.டி.ஆர்.3 வந்தபோது 1.5, 2012-ல் டி.டி.ஆர்.4-க்கு 1.2, 2020-ல் டி.டி.ஆர்.5-க்கு 1.1. ஐந்து வோல்ட்டையும் 1.1-ஐயும் வர்க்கம் போட்டு வகுத்துப் பாருங்கள். மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால் ஒரு பிட்டைத் தொடுகிற செலவு இருபதில் ஒரு பங்கு.

இந்த இறக்கத்துக்குச் சூத்திரம் எழுதிக்கொடுத்தவரும் நம் டெனார்ட்தான். 1974-ல் சகாக்களோடு ஒரு கட்டுரை எழுதினார். டிரான்சிஸ்டரை எந்த விகிதத்தில் சிறிதாக்குகிறீர்களோ அதே விகிதத்தில் வோல்டேஜையும் இறக்குங்கள், ஒரு சதுர மில்லிமீட்டர் சிலிக்கன் தின்கிற கரண்ட் ஏறவே ஏறாது என்றார். மொத்த சிப் தொழிலும் அந்த ஒரு வாக்கை நம்பி முப்பது வருடம் ஓடியது. 2005 வாக்கில் அது மக்கர் செய்ய ஆரம்பித்தது. வோல்டேஜை இன்னும் இறக்கினால் டிரான்சிஸ்டர் சரியாக மூடாத குழாய் மாதிரி ஒழுகுகிறது. மேலே இருக்கும் எண்களையே பாருங்கள். ஐந்திலிருந்து 3.3 என்று தாவியவர்கள், 1.2-லிருந்து 1.1-க்கு வர எட்டு வருடம் எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குள் கம்ப்யூட்டர் மடியில் ஏறி, பிறகு சட்டைப் பையிலும் ஏறிவிட்டது. சுவரில் பிளக் இருக்கும்வரை வட்டியைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. பேட்டரி என்று வந்ததும்தான் கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள். லேப்டாப் மூடியைச் சாத்துகிறீர்கள். பிராசஸர் தூங்குகிறது, திரை தூங்குகிறது. மெமரி தூங்க முடியாது. தூங்கினால் எல்லாம் போச்சு. அதனால் மெமரி சிப்புக்கு உள்ளேயே ஒரு சின்ன கடிகாரத்தை வைத்து, யாரும் சொல்லாமல் தன்னைத் தானே ரொப்பிக்கொள்ளும்படி செய்தார்கள். செல்போனுக்கு என்றே எல்.பி.டி.டி.ஆர். என்று தனி ஜாதி மெமரி பிறந்தது. அதில் இரண்டு கெட்டிக்காரத்தனம். சூடு குறைவாக இருந்தால் கசிவும் குறைவு, எனவே குளிர்ந்திருக்கும்போது ரெஃப்ரெஷ்ஷைக் குறைத்துக்கொள்ளும். இரண்டாவது, தேவைப்படுகிற பகுதியை மட்டும் ரொப்பிவிட்டு மிச்சத்தை மறக்க விட்டுவிடும். ஆள் இல்லாத அறையில் ஃபேனை நிறுத்துகிற அதே புத்திதான்.

பெரிய சர்வர்களில் நிலைமை இன்னும் மோசம். சில ரகங்களில் மொத்த மின்செலவில் 40 சதவிகிதம் வரை மெமரிக்கே போகிறது என்று 2003-ல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதில் ரெஃப்ரெஷ் மட்டும் குற்றவாளி இல்லை. 64 பைட் வேண்டும் என்றால்கூட டிராம் அந்த 64-ஐ மட்டும் எடுத்துத் தராது. அது இருக்கிற வரிசை முழுவதையும், வழக்கமாக எட்டு கிலோ பைட்டை, எழுப்பி உட்கார வைக்கும். ஒரு ஆளைத் தேடி வந்து கல்யாண மண்டபத்தில் எல்லா லைட்டையும் போடுகிற மாதிரி. அப்புறம் படித்தது அழிந்துபோயிருக்கும் அல்லவா? முழு வரிசையையும் திரும்ப எழுதும்.

சரி, இந்த 64 மில்லி செகண்ட் கெடு உண்மையிலேயே தேவையா? இதற்குப் பதில் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2008. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் ஹால்டர்மேன், எட் ஃபெல்டன் உள்ளிட்ட ஒரு குழு. அவர்களுக்கு மின்சாரச் சிக்கனத்தில் எல்லாம் அக்கறை இல்லை. திருட்டில் அக்கறை. அணைத்த கம்ப்யூட்டரின் மெமரியிலிருந்து ரகசியச் சாவிகளைக் களவாட முடியுமா என்று பார்த்தார்கள். மோனாலிசா படத்தை மெமரியில் ஏற்றினார்கள். கரண்ட்டைத் துண்டித்தார்கள். ஐந்து விநாடி கழித்துப் பார்த்தால் மோனாலிசா அநேகமாகப் பழுதில்லாமல் புன்னகைத்துக்கொண்டிருக்கிறாள்! முப்பது விநாடி, ஒரு நிமிடம் என்று போகப் போக மெல்லக் கோடு விழுந்து மங்குகிறாள். கீபோர்டில் தூசு தட்ட அடிக்கிற ஸ்ப்ரே டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து சிப்பைக் குளிரவைத்தால், கரண்ட்டே இல்லாமல் பல நிமிடங்கள் தாக்குப்பிடித்தது.

அவர்கள் சொன்ன நீதி, ஜாக்கிரதை, அணைத்த மெமரியிலும் ரகசியம் இருக்கும் என்பது. எனக்கு அதைப் படிக்கும்போது வேறொன்று தோன்றியது. ஐந்து விநாடி தாங்குகிற பொருளுக்கு எதற்கு விநாடிக்குப் பதினைந்து தரம் தண்டல்?

இதே கேள்வியைக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஓனுர் முட்லுவின் குழுவும் கேட்டது. 2012-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கைப் பார்த்தால் வயிறு எரியும். 32 ஜி.பி. மெமரியில் சுமார் 27,500 கோடி பிட்கள் இருக்கின்றன. இவற்றில் 256 மில்லி செகண்டுக்குள் மறந்துபோகிற சோனிகள் ஆயிரத்துக்கும் குறைவு. கோடி இல்லை, வெறும் ஆயிரம்! இந்த ஆயிரம் பேருக்காக மிச்சம் 27,500 கோடி பேரையும் 64 மில்லி செகண்டுக்கு ஒரு தரம் எழுப்பி, 'மறந்துட்டியா?' என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சோனிகள் இருக்கிற வரிசைகளை முன்கூட்டியே கண்டுபிடித்து ஒரு சின்னப் பட்டியல் போட்டுக்கொள்வோம், அவர்களை மட்டும் அடிக்கடி கவனிப்போம், மற்றவர்களை 256-க்கு ஒரு தரம் விசாரித்தால் போதும் என்றது முட்லு குழு. அவர்கள் சோதனைக் கணக்குப்படி ரெஃப்ரெஷ் வேலையில் 74.6 சதவிகிதம் மிச்சம், மெமரியின் மின்செலவில் 16.1 சதவிகிதம் மிச்சம். பட்டியலுக்கு ஆகிற இடம் ஒன்றேகால் கிலோ பைட். அதற்கு முந்தைய வருடமே மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் இடம்பெற்ற இன்னொரு குழு வேறு கோணத்தில் போயிருந்தது. புகைப்படத்தில் ஒரு புள்ளி நிறம் மாறினால் யாருக்குத் தெரியப்போகிறது? முக்கியமானதை ஒரு பக்கமும் அல்லாததை ஒரு பக்கமும் வைத்து, இரண்டாவதற்குச் சோறு குறைத்துப் போடலாம் என்றார்கள். போன் மெமரியின் மின்செலவில் 20 முதல் 25 சதவிகிதம் மிஞ்சும் என்றது அவர்கள் கணக்கு.

அப்புறம் ஏன் வட்டி இறங்கவில்லை?

முதல் தடங்கல், சோனிகள் யார் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. முட்லு குழுவே அடுத்த வருடம் இன்னும் ஆழமாக அளந்து பார்த்தது. சில பிட்கள் இன்றைக்கு பீமன், நாளைக்கு சோனி. காரணமே சொல்லாமல் மாறுகிற ரகம். மெமரி விற்கிறவர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? வாடிக்கையாளரின் பாங்க் கணக்கில் ஒரு பிட் தப்பினால் உங்கள் மானம் போகும். ரெஃப்ரெஷ்ஷுக்கு ஆகிற கரண்ட் பில் அவருடையது. பேசாமல் எல்லோரையும் எழுப்புவதே உத்தமம் என்றுதான் நானும் முடிவெடுப்பேன்.

இரண்டாவது தடங்கல் 2014-ல் வந்தது. கண்டுபிடித்ததும் அதே முட்லு குழுதான், அதுதான் வேடிக்கை. ஒரு வரிசையைத் திரும்பத் திரும்ப, படு வேகமாகத் தட்டிக்கொண்டே இருந்தால் பக்கத்து வரிசையின் மின்னூட்டம் ஒழுகி, ஒன்று பூஜ்யமாகிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரன் சுவரில் ஆணி அடிக்க, நம் வீட்டுக் காலண்டர் கீழே விழுகிற மாதிரி. மூன்று கம்பெனிகளின் 129 மெமரி அட்டைகளைச் சோதித்ததில் 110 இப்படி மாட்டிக்கொண்டன. வேண்டுமென்றே இதைச் செய்து கம்ப்யூட்டரைக் கைப்பற்ற முடியும் என்று 2015-ல் கூகுள்காரர்கள் செய்தே காட்டினார்கள். அவசர வைத்தியம் என்ன? விழுவதற்குள் ரொப்பிவிடு! ஆப்பிள் அந்த வருடம் ஜூனில் தன் மேக் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு திருத்தம் அனுப்பியது. ரெஃப்ரெஷ் வேகத்தைக் கூட்டும் திருத்தம். கஷ்டப்பட்டுக் குறைக்கப் பார்த்த வட்டி ஏறிவிட்டது.

டி.டி.ஆர்.5 வந்தபோது இது சட்டமாகவே ஆனது. முப்பது வருடம் போராடி நீட்டிய 64 மில்லி செகண்ட் கெடு 32-ஆகச் சுருங்கிவிட்டது. பிட்கள் அவ்வளவு நெருங்கி, அவ்வளவு சிறுத்துவிட்டன. 1.1 வோல்ட் என்று ஒரு பக்கம் பெருமைப்பட்டுக்கொண்டே, இன்னொரு பக்கம் ரொப்புகிற வேலையை இரண்டு மடங்காக்கிக்கொண்டார்கள்.

நடுவில் இன்டெல் ஒரு முயற்சி செய்து பார்த்தது. மைக்ரான் கம்பெனியோடு சேர்ந்து 2015-ல் ஒரு புது வகை மெமரியை அறிவித்தார்கள். கரண்ட் போனாலும் மறக்காது. ரெஃப்ரெஷ் கிடையாது. கோர் மெமரி மறுபிறவி எடுத்த மாதிரி. 2019-ல் 'ஆப்டேன்' என்ற பெயரில் அதை டிராம் சொருகுகிற அதே இடத்தில் சொருகும்படி விற்றார்கள். வேகத்தில் டிராமுக்கு ஒரு படி பின்னால்தான். வியாபாரமும் எதிர்பார்த்த அளவுக்குச் சூடு பிடிக்கவில்லை. 2022 ஜூலையில் கடையை மூடுவதாக அறிவித்த இன்டெல், கையிருப்புச் சரக்குக்காக 55.9 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. கோர் மெமரியைச் சந்தையை விட்டு விரட்டிய அதே இன்டெல்!

இப்போது சர்வர்க்காரர்கள் போன்காரர்களிடம் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். 2021-ல் என்விடியா நிறுவனம் பெரிய கம்ப்யூட்டர் கூடங்களுக்காக 'கிரேஸ்' என்ற பிராசஸரை அறிவித்தது. அதற்கு அவர்கள் சேர்த்த மெமரி, செல்போனுக்காகப் பிறந்த அந்த எல்.பி.டி.டி.ஆர். ஜாதி. பிராசஸருக்குப் பக்கத்திலேயே ஒட்டிவைத்தால் பிட்கள் பயணம் செய்கிற தூரம் குறைவு, செலவும் குறைவு. ஆனால் கெட்டுப்போனால் கழற்றி மாற்ற முடியாது.

ராபர்ட் டெனார்ட் 2024 ஏப்ரல் 23 அன்று, 91-வது வயதில் காலமானார். நம் பைகளில் இருக்கும் போன்களில் அன்று ராத்திரியும் ரெஃப்ரெஷ் நடந்துகொண்டுதான் இருந்தது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். சோபாவில் உட்கார்ந்து அவர் யோசித்த அதே செல்தான், அதே ஓட்டையோடு.